நெகட்டிவ்தான் சிட்டை



பருப்பு விலை, வத்தல் வரத்து, வரிப் படிவம் என்று எழுதி வந்தவன் இந்த மாதம் போட்டோ பிலிமைப் பற்றி எழுத வந்திருக்கிறேனே என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். காரணம் உண்டு. நமது சங்கத்தின் பொன்விழா மலருக்குப் பழைய படங்கள் சேகரிக்கும் பொறுப்பை நிர்வாகக் குழுவினர் என் தலையில் கட்டிவிட்டார்கள். "உங்க அண்ணன்தான் எந்த விசேஷத்துக்கும் கேமராவோட வருவாரே அண்ணாச்சி, நீங்களே பாருங்க" என்றார்கள். மறுக்க முடியவில்லை.

அறிவிப்புக் கொடுத்த ஒரு மாதத்தில் படங்கள் வந்து குவிந்தன. ஆனால் பெரும்பாலானவை சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கண்ணாடியோடு சேர்த்துச் செல்போனில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியவை. நடுவில் டியூப்லைட் வெளிச்சம் அடிக்கிறது. அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் மாலையோடு கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். மலர் அச்சடிக்கும் அச்சகத்தார் பார்த்துவிட்டு, "தபால்தலை அளவுக்கு வேண்டுமானால் போடலாம்" என்று சொல்லிவிட்டார். மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு நம்மவர்கள் வேனில் புறப்பட்ட படம் ஒன்றும் வந்தது. இருபது பேருக்கு மேல் நிற்கிறார்கள். முகம் பார்த்துப் பெயர் சொல்ல முடிந்தது நான்கு பேருக்குத்தான். மற்றவர்கள் எல்லாம் வெளிறிப்போய் ஒரே மாதிரி தெரிகிறார்கள்.

அப்போதுதான் ஒவ்வொருவரிடமும், "நெகட்டிவ் இருக்கிறதா?" என்று கேட்க ஆரம்பித்தேன். சிலர் வீட்டில் பிரிண்ட் வாங்கிய அதே கவரில், ஆல்பத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. சிலர் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். ஒருவர், 1995 அக்டோபர் சூரிய கிரகணத்தின்போது பிள்ளைகள் வெட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்துத் தீர்த்துவிட்டார்கள் என்றார். கண்ணுக்கும் கேடு, படத்துக்கும் கேடு!

நம் தொழிலில் சொல்வதென்றால் நெகட்டிவ் சிட்டை, பிரிண்ட் பேரேடு. பேரேட்டில் தப்பு வந்தால் சிட்டையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சிட்டை போய்விட்டால் பேரேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. சுவரில் முப்பது வருடம் வெயில் பட்டுத் தொங்கிய கலர் பிரிண்ட் வெளுத்துவிடும். அதே காட்சியின் நெகட்டிவ் கவருக்குள் இருட்டில் கிடந்திருக்கிறது. அதில் இன்னும் முகம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே, எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் ஒரு ரோலைப் பறிகொடுத்திருக்க மாட்டேன். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அண்ணன் கேமரா

என் அண்ணன் 1989ல் யாஷிகா எம்.எப்.2 கேமரா ஒன்று வாங்கினார். கீழமாசி வீதியில் எங்கள் கடைக்கு வந்து போனவர்களில் பலர் அதில் அகப்பட்டவர்கள்தான். 36 படம் என்று எழுதியிருக்கும் ரோலில் 37, சில சமயம் 38 படம் கூட எடுத்துவிடுவார். அந்த ஒரு படம் கூடுதலாகக் கிடைப்பதில் அவருக்கு, மூட்டைக்கு நூறு கிராம் கூடுதலாக இருந்தால் வரும் சந்தோஷம். 2021ல் அவர் காலமானார். அடுத்த வருடம் மதினி பீரோவை ஒதுக்கும்போது கேமராவையும் ஒரு சிறிய கறுப்பு டப்பாவையும் எடுத்துக் கொடுத்தார். டப்பாவுக்குள் எடுத்து முடித்த ரோல் ஒன்று. மேலே ஒட்டிய காகிதத்தில் "அப்பா, கடை, 98" என்று அண்ணன் கையெழுத்து. அப்பா 1999ல் இறந்தார். கேமராவுக்குள்ளும் பாதி எடுத்த ரோல் ஒன்று இருந்தது.

பேரன் ஆர்வத்தில் கேமராவின் முதுகைத் திறக்கப் போனான். நல்லவேளை, தடுத்துவிட்டேன். பழைய கேமரா கிடைத்தால் முதலில் திறக்காதீர்கள். அடியில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அமுக்கிவிட்டு மேலே உள்ள கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் பிலிம் உருளைக்குள் போய்விடும். இறுக்கம் விட்டு லேசாகச் சுற்றும்போதுதான் திறக்க வேண்டும்.

கேமராவுக்குள் இருந்ததில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நானாக முடிவு செய்துகொண்டு, அதை முதலில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். "கழுவித் தருவீர்களா?" என்றேன். "தாராளமா அண்ணாச்சி" என்றார்கள். ரசீது கேட்கவில்லை. யார் கழுவுகிறார்கள், எங்கே அனுப்புகிறார்கள், எதுவும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து வாட்ஸப்பில் ஒன்பது படம் வந்தது. நீளவாக்கில் கீறல் கோடுகள், பழுப்புக் கறை, முகங்கள் மாவு பூசியது போல. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டில் எடுத்தவை அவை என்பது பின்னால் தெரிந்த பந்தல்காலை வைத்துத்தான் புரிந்தது. நெகட்டிவைக் கேட்டேன். "அதான் போன்ல அனுப்பியாச்சே, அது எதுக்கு? அங்கேயே போட்டுட்டாங்க" என்று பதில் வந்தது.

அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஒரு மூட்டை உளுந்தை பில் இல்லாமல், லாரி ரசீது இல்லாமல் அனுப்பாத நான், திரும்ப எடுக்கவே முடியாத ஒரு பொருளை வாய்வார்த்தையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மதினியிடம் அந்தப் படங்களைக் காட்டும்போது எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

அதற்குப் பிறகு "அப்பா, கடை" ரோலை ஐந்து மாதம் யாரிடமும் கொடுக்கவில்லை. விசாரித்தேன். ஸ்டூடியோ வைத்திருந்து விட்டுவிட்ட பழைய ஆட்கள், வெளியூர் லேப்காரர்கள், பிலிமில் படம் எடுக்கும் இந்தக் காலத்துப் பையன்கள் என்று பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

கழுவுவது ஒரு முறைதான்

முதலில் மனதில் வைக்க வேண்டியது: பிலிமை ஒரு முறைதான் கழுவ முடியும். ஸ்கேன் சரியில்லை என்றால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கழுவுவதில் கோட்டை விட்டால் போனது போனதுதான். ஆகவே விசாரணை முழுவதும் கழுவும் இடத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

கலர் நெகட்டிவ் பிலிம் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர். கோடாக் நிறுவனம் 1972ல் கொண்டு வந்தது. பிறகு உலகம் முழுவதும் எல்லாக் கம்பெனி கலர் பிலிமுக்கும் அதுவே முறையாகிவிட்டது. இதில் டெவலப்பர் என்ற முதல் மருந்தின் வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது கணக்கு. நேரம் 3 நிமிடம் 15 வினாடி. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது புரியும். பதம் தப்பினால் மறுபடி கொண்டுவர முடியாது. அடுத்து வருவது பிளீச், பிறகு பிக்சர், கழுவல், கடைசியில் ஒரு பாதுகாப்பு மருந்து. இதில் பிளீச் போதாமல் போனால் வெள்ளி பிலிமிலேயே தங்கி நிறம் மங்கும். அந்தக் குறையை மட்டும் பிறகு மறுபடி பிளீச்சிலும் பிக்சரிலும் போட்டுச் சரிசெய்ய முடியும். டெவலப்பரில் வந்த குறைக்கு மருந்து இல்லை.

இந்த மருந்துகள் காற்றுப் பட்டால் கெடும். தினமும் பிலிம் ஓடும் லேப்பில் பழைய மருந்து வெளியேறிப் புது மருந்து சேர்ந்துகொண்டே இருக்கும். வாரம் இரண்டு ரோல் வரும் இடத்தில் அதே மருந்து தொட்டியில் நின்று சோர்ந்துவிடும். நாம் ரவை வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? சரக்கு ஓட்டம் உள்ள மண்டியில் வாங்கினால் வண்டு இருக்காது. லேப்புக்கும் அதுவே அளவுகோல். எனவே நான் கேட்ட முதல் கேள்வி, "வாரத்துக்கு எத்தனை ரோல் கழுவுறீங்க? எந்தக் கிழமை மெஷின் ஓடும்?" என்பதுதான். பதில் சொல்லத் தயங்கிய இரண்டு இடங்களை அதோடு விட்டுவிட்டேன். பஜ்ஜிக் கடைக்காரரிடம் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் முகம் சுளிப்பார் அல்லவா, அதே முகச்சுளிப்பு அங்கே தெரிந்தது.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. நம் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போடுவது போல இந்தத் தொழிலிலும் ஒரு சோதனை உண்டு. கண்ட்ரோல் ஸ்டிரிப் என்பார்கள். ஒளி அளந்து பதித்து கம்பெனியிலிருந்தே வரும் சிறு பிலிம் துண்டு அது. அதை மெஷினில் ஓட்டி, வந்த அடர்த்தியைக் கருவியில் அளந்து, குறித்த அளவோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் மருந்தைச் சரிசெய்யாமல் வாடிக்கையாளர் ரோலைப் போடக்கூடாது. "கண்ட்ரோல் ஸ்டிரிப் ஓட்டுறீங்களா?" என்று கேளுங்கள். அது என்ன என்று திருப்பிக் கேட்டால், உங்கள் ரோலைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் உருளையில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் படியுங்கள். சி-41 என்றிருந்தால் கலர் நெகட்டிவ். இ-6 என்றிருந்தால் ஸ்லைடு பிலிம். அதை மாற்றிக் கழுவினால் நிறம் தாறுமாறாகும். சாதாரண கருப்பு வெள்ளை பிலிமைத் தவறுதலாகக் கலர் மருந்தில் போட்டாலோ படமே இருக்காது. கலர் முறையில் வெள்ளி முழுவதையும் கரைத்து எடுத்துவிடுவார்கள். கருப்பு வெள்ளையில் படம் என்பதே அந்த வெள்ளிதான். ஆகவே மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக். நம் ஊர்ப் பக்கம் உதகமண்டலம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கருப்பு வெள்ளை ரோல்கள் ஒரு காலத்தில் நிறைய ஓடின. 1967 முதல் பிலிம் தயாரித்த அந்த மத்திய அரசு ஆலை இன்று இயங்கவில்லை. ஆனால் அந்த ரோல் இன்னும் யார் வீட்டு டிராயரிலாவது கிடக்கலாம். அதைக் கலர் மெஷினுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த கோடாக்ரோம் ஸ்லைடு ரோல் கழுவாமல் இருந்தால் அதற்கு இனி நிறம் கிடையாது. அதைக் கழுவிய கடைசி லேப் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30ஆம் தேதியோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கருப்பு வெள்ளையாகக் கழுவி உருவத்தை மட்டும் எடுக்கலாம்.

இப்போதெல்லாம் சினிமா பிலிமை வெட்டி உருளையில் சுற்றியும் விற்கிறார்கள். அதில் சில ரகங்களுக்கு முதுகில் கறுப்புக் கரிப் பூச்சு உண்டு. சொல்லாமல் கொடுத்தால் அந்தக் கரி மெஷினில் கரைந்து அடுத்தவர் ரோல் மேலும் ஒட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பிலிமில் எடுப்பவர்களாக இருந்தால் எச்சரித்து வையுங்கள்.

சாம்பிள் பார்த்தோம்

கடைசியில் வெளியூர் லேப் ஒன்றை முடிவு செய்தேன். பேசிய தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம். நான் கேட்டதைவிட அவர் கேட்டது அதிகம். "ஐயா, எந்த வருஷ ரோல்? பீரோ எந்த ரூம்ல இருந்துச்சு? மாடி ரூமா, கீழயா? டப்பா மூடி இருந்துச்சா?" என்றெல்லாம் கேட்டார். கழுவாத பிலிமில் பதிந்த படம் வருடக்கணக்கில் மெல்ல மங்கும். வெக்கையும் ஈரமும் அதை வேகப்படுத்தும். கூடவே பிலிம் முழுவதும் ஒரு மூட்டம் ஏறும். மதுரை வெயிலில் இருபத்து நாலு வருடம்! "கலர் வருமான்னு சத்தியம் பண்ண முடியாது ஐயா. முதல்ல சாம்பிள் பார்த்துடலாம்" என்றார்.

சாம்பிள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ரோலின் முனையில் இரண்டு மூன்று படம் அளவுக்கு வெட்டி, அதை மட்டும் கழுவிப் பார்ப்பது. அந்த வெட்டு ஏதாவது ஒரு படத்தின் நடுவில் விழும். அதைப் பலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்ப்பது போலத்தான். ஊசி போன இடத்தில் நாலு பருப்பு சிந்தும். ஆனால் மூட்டை தப்பும்.

கலர் மருந்தில் போட்ட துண்டில் ஒரே மூட்டம். உருவம் நிழலாட்டமாக இருந்தது. அவர் போன் செய்து இரண்டு வழி சொன்னார். மீதியையும் கலரிலேயே கழுவலாம். நிறம் கொஞ்சம் வந்தாலும் வரும், உருவமே வராமலும் போகலாம். அல்லது மூட்டத்தை அடக்கும் வகையில் கருப்பு வெள்ளை மருந்தில் கழுவலாம். உருவம் தெளியும், ஆனால் நிறத்தை மறந்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. "நீங்க வீட்டுல கேட்டுச் சொல்லுங்க ஐயா, அவசரம் இல்ல" என்றார். மதினியிடம் கேட்டேன். "மாமா எப்பவும் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டைதானே, கலர் எதுக்கு?" என்றார். கருப்பு வெள்ளைக்குச் சரி சொல்லிவிட்டேன்.

இருபத்தொரு படம் தேறியது. புள்ளி புள்ளியாக, கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு படத்தில் சுமைதூக்கும் தொழிலாளர் இருவருடன் சேர்ந்து டீ குடிக்கிறார். இன்னொன்றில் தராசுத் தட்டைத் துடைக்கிறார். அந்தத் துணியை எப்போதும் இடது தோளில்தான் போட்டிருப்பார் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். எடுத்தவர் அண்ணன் என்பதால் இருபத்தொன்றில் ஒன்றில் கூட அண்ணன் இல்லை.

ஸ்கேன் விஷயம்

கழுவிய பிறகு ஸ்கேன். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் செல்போன் திரையில் எல்லாப் படமும் நன்றாகவே தெரியும். அச்சில் போடும்போதுதான் குட்டு வெளிப்படும். கணக்கு இதுதான். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். மலரின் ஏ4 முழுப்பக்கத்துக்குச் சுமார் 2,480க்கு 3,508 புள்ளி. நம் கேமரா நெகட்டிவின் அளவு 24க்கு 36 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் கூட முழுசாக இல்லை. அதற்குள்ளிருந்து இவ்வளவு புள்ளி எடுக்க வேண்டுமானால் அங்குலத்துக்கு 2,700 புள்ளியாவது ஸ்கேன் செய்ய வேண்டும். 3,000 கேளுங்கள், 4,000 கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய ஸ்டூடியோக்காரர்கள் குனிந்து பார்த்து எடுத்த ரோலிபிளெக்ஸ், யாஷிகா பெட்டிக் கேமராவின் பெரிய சதுர நெகட்டிவாக இருந்தால் 1,600 இருந்தாலே பக்கம் நிரம்பும்.

இதிலும் பெட்டியில் அச்சடித்த அளவை நம்ப வேண்டாம். மேசையில் வைக்கும் தட்டை ஸ்கேனர் சிலவற்றில் 6,400 என்று போட்டிருக்கும். உண்மையில் கிடைக்கும் நுட்பம் அதில் பாதி கூடத் தேறாது. மூட்டையில் 50 கிலோ என்று அச்சடித்திருந்தாலும் நாம் தராசில் ஏற்றித்தானே இறக்குகிறோம்? ஒரே ஒரு நெகட்டிவைக் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லி, கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கடைப் பலகையில் உள்ள சிறிய எழுத்து படிக்க வருகிறதா என்று பாருங்கள். பிறகு மொத்த வேலையைக் கொடுங்கள். நெகட்டிவுக்கென்றே செய்த ஸ்கேனர் வைத்திருப்பவர்களும் உண்டு. நல்ல டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு, வெளிச்சப் பலகை மேல் வைத்து எடுப்பவர்களும் உண்டு. இரண்டுமே நன்றாக வரும், செய்கிறவர் கை சுத்தமாக இருந்தால்.

பலகை எழுத்தைப் பார்க்கும்போதே அது நேராக இருக்கிறதா, கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்வது சாதாரணமாக நடக்கும் தவறு. பலகை இல்லாத படத்தில், சேலை முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தூசி, கீறலைத் தானாக நீக்கும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கும் முறை அது. கலர் நெகட்டிவுக்கு அருமையாக வேலை செய்யும். கருப்பு வெள்ளையில் வெள்ளியே அந்த ஒளியை மறித்துவிடுவதால், படத்தையே தூசி என்று எண்ணிக் கெடுத்துவிடும். கருப்பு வெள்ளைக்கு அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். தூசியை ஊதுபந்தால் ஊதிவிட்டு, மிச்சத்தைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்று: "பளிச்சுனு பண்ணித் தரோம்" என்பார்கள். வேண்டாம். பளிச்சென்று ஆக்கினால் வெள்ளை வேட்டியின் மடிப்பும் இருட்டில் நிற்பவர் முகமும் போய்விடும். வெளிச்சமும் இருளும் முழுதாக அடங்கும்படி மங்கலாகவே ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகக் கேளுங்கள். பளிச்சென்று ஆக்குவதை அச்சகத்தார் பார்த்துக்கொள்வார். 1990களில் சில கலர் லேப்களில் மாப்பிள்ளை, பெண், சமையல்காரர் எல்லோரையும் ஒரே சிவப்பாக்கிக் கொடுத்தார்கள். என் மைத்துனர் கல்யாண ஆல்பத்தில் அவரை எனக்கே அடையாளம் தெரியாது. ஆகவே முகத்தின் நிறத்தைச் சரிபார்க்கும்போது நேரில் பார்த்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது. அதைவிட பென் டிரைவில் வாங்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள்.

வைத்துக்கொள்வது

ஸ்கேன் ஆகிவிட்டதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ஸ்டூடியோக்கள் பல மூடியபோது கருப்பு வெள்ளை நெகட்டிவ்களை வெள்ளி எடுப்பதற்காக எடை போட்டு விற்றுவிட்டார்கள். எத்தனை கல்யாணம், எத்தனை கடை திறப்பு விழா அப்படி உருகிப் போயிற்றோ. மிஞ்சிய தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேர்த்து ஸ்கேன் செய்யும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்தது. வெளிநாட்டார் காசு கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய பொருளை நாம் எடைக்குப் போட்டிருக்கிறோம்.

நெகட்டிவை ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீர் விட்டுத் துடைக்கவே கூடாது. பூஞ்சை தின்ற இடத்தில் பூச்சு இளகி, படமே துணியோடு வந்துவிடும். புளித்த காடி வாடை அடித்தால் பிலிமின் அடித்தாள் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும். வழவழப்பான பி.வி.சி. உறை ஆகாது, பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. மாடி அறை வேண்டாம். வீட்டில் குளிர்ந்த, ஈரமில்லாத இடம் எதுவோ அங்கே வையுங்கள். வத்தல் மூட்டைக்கு இடம் பார்க்கத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெகட்டிவின் விளிம்பில் அச்சான எண்ணையே ஸ்கேன் கோப்புக்கும் பெயராக வைத்தால் பின்னால் தேடுவது சுலபம்.

சிங்கப்பூர், துபாயிலிருந்து கழுவாத ரோலை யாராவது கொண்டு வருவதாக இருந்தால், விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கும் எக்ஸ்ரே அதைக் கெடுக்கும். கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். கழுவிய நெகட்டிவுக்கு அந்தப் பயம் இல்லை.

லேப்பில் கொடுக்கும்போது கழுவும் கூலி, ஸ்கேன் கூலி, கூரியர் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். "நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும்" என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இனி மலர் விஷயம். உறுப்பினர்கள் தங்களிடம் உள்ள நெகட்டிவ்களை, வெட்டாமல் துடைக்காமல், எந்தக் கவரில் இருக்கிறதோ அதே கவரோடு சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வந்து கொடுக்கலாம். கழுவாத ரோல் இருந்தால் டப்பாவோடு கொண்டு வாருங்கள். எந்த வருடம், எங்கே எடுத்தது, யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் வாயால் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன். செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாட்களில் மாலை 6 மணிக்கு மேல் அலுவலகத்தில் இருப்பேன். எத்தனை துண்டு நெகட்டிவ் என்று எண்ணி, ரசீது போட்டுத் தருவேன். ரசீது வாங்காமல் யாரும் போக வேண்டாம். அந்த வேன் படத்தின் நெகட்டிவ் யாரிடமாவது இருந்தால் முதலில் அதைக் கொண்டு வாருங்கள். இன்னும் பதினாறு பேருக்குப் பெயர் தெரிய வேண்டியிருக்கிறது.